மடியில் வைத்த போத்தல்

இறந்துபோன நண்பருக்கு ஆண்டுத் திவசம். அதற்காகத்தான் அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகக் கடல் தாண்டினேன். கனடாவுக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் உண்டு, பேரப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் உண்டு. "திவசச் சாப்பாட்டுக்காக இவ்வளவு தூரம் போகிற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி, வரவில்லை.

நண்பர் பெயர் தில்லையம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் திருச்சிக்கு வந்து, எங்கள் வீட்டு மாடியில் மனைவி, மகள், மகனோடு நான்கு வருடம் குடியிருந்தார். பிறகு கனடா போனவர் போனவர்தான், மனைவியையும் அங்கேதான் இழந்தார். ஆனால் மாதம் தவறாமல் போன் வரும். திருச்சியில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் ஒரு சின்னக் கிளாஸ் சாராயத்தோடு உட்காருவார். நான் எதிரே உட்கார்ந்து கடலை கொறிப்பேன். நான் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். ஆலையில் மூடிக்கு மேல் ஒட்டும் சீட்டை எண்ணுவதில் தொடங்கி, சோதனைச் சாவடியில் பாட்டில் பிடிப்பதில் முடித்தேன். ஒரு சொட்டு குடித்ததில்லை. "உலகத்திலேயே சாராயத்தைப் பற்றி எல்லாம் தெரிஞ்ச, சாராயம் தெரியாத மனிசன்" என்று தில்லை என்னைக் கேலி செய்வார்.

விமான நிலையத்துக்கு அவர் மகள் சுகந்தி வந்திருந்தாள். எங்கள் மாடியில் பாவாடை தடுக்கி விழுந்து அழுத குழந்தைக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. தலையில் நாலைந்து நரை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "வாங்கோ மாமா, குளிரப் போகுது" என்று பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அக்டோபர் மாதம். அவள் குளிர் என்று சொன்னது உண்மையில் குளிரே இல்லை என்று அங்கே எல்லோரும் எனக்கு விளக்கினார்கள். என் பற்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்காபரோ என்ற இடத்தில் அவள் வீடு. கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், அந்த வாரம் நாட்டின் மேற்குக் கோடியில் எங்கோ இருந்தார். இரவுச் சாப்பாடு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும். நம் ஊரில் சாம்பார் இல்லாத வீட்டில் சாப்பிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஆனால் இங்கே சொதியை மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

சாப்பிடும்போது, சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து அவள் ஆங்கிலத்தில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். விளக்கு, டயர், பிரேக், அவசரக் கதவு. மந்திரம் மாதிரி இருந்தது.

"என்னம்மா இது?"

"ஸ்கூல் பஸ் ஓட்டப் பழகிறன் மாமா. வேலை செய்த பாக்டரியை மூடிப்போட்டினம். பதினாலு மாசம் வீட்டை இருந்தன். இதுவும் சரிவராட்டி என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. இன்னும் பத்து நாளிலை பயிற்சி முடியும், பிறகு எனக்கெண்டு ஒரு ரூட் தருவினம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்பா இருந்திருந்தால் முதல் நாள் அவர்தான் முன் சீற்றிலை ஏறி இருந்திருப்பார். இறக்கியிருக்கேலாது."

அந்தச் சிரிப்பில் எவ்வளவு ஆசை இருந்தது என்பதை நான் அப்போதே கவனித்தேன். நாலு நாளில் அதற்கு நானே உலை வைக்கப்போகிறேன் என்று தெரியாது.

மறுநாள் தனியாக பஸ்ஸில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன். இங்கே பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக மஞ்சள் கயிறு ஒன்று நீளமாக ஓடுகிறது. பிடித்துக்கொள்ள எவ்வளவு வசதியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று மெச்சி, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டிங் என்றது. பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. புறப்படும்போது ஆட்டத்தில் மறுபடி பிடித்தேன், மறுபடி டிங். நாலாவது நிறுத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஐயா, நாலு இடத்தில் இறங்கக் கேட்டீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று மரியாதையாகச் சொன்னார். நம் ஊர் கண்டக்டராக இருந்தால் என் குலம் கோத்திரமெல்லாம் பஸ்ஸுக்குள் ஏறியிருக்கும்.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

"ஊரிலை இருந்து புதுசா வந்திருக்கிறார் போலை."

"இல்லையடி, இந்தியாக்காரர். மீசையைப் பார்."

மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அது எந்த இடம் என்று தெரியவில்லை. சுகந்தி வந்து கூட்டிப் போனாள்.

வருகிற வழியில், "அப்பாவின்ரை படையலுக்கு ஒரு போத்தல் வாங்க வேணும்" என்று அரசாங்க மதுக்கடை ஒன்றின் முன் காரை நிறுத்தினாள். நம் ஊரிலும் அரசாங்கம்தான் விற்கிறது. ஆனால் கம்பிக்குப் பின்னால் இருந்து விற்கும், வாங்குகிறவன் முகத்தை மூடிக்கொண்டு வாங்குவான். இங்கே வெளிச்சமும் விசாலமுமாக நகைக்கடை போல இருந்தது. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு பெண் வைன் பார்த்துக்கொண்டிருந்தாள். இலங்கைத் தென்னஞ்சாராயம் ஒரு மூலைத் தட்டில் இருந்தது. சுகந்தி எடுத்துத் தந்ததும் என் கை தானாகப் போத்தலைத் திருப்பி, மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தது. சரியாக இருந்தது. "இங்கையும் வேலையைத் தொடங்கிட்டீங்களோ" என்றாள்.

மூன்றாம் நாள் கோயிலில் திவசம். சுகந்தியின் தம்பி ராஜன் விட்பி என்ற ஊரிலிருந்து வந்து செய்தான். கூரை இலைகளைக் கூட்ட ஏறி, ஏணியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தவன், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எள்ளும் தண்ணீரும் இறைத்தான். முடிந்தபோது அவன் முகம் வலியில் வெளிறியிருந்தது. "நாளைக்கு அங்கை வரேலாது அக்கா" என்றான். "பறவாயில்லை, படைச்சுப்போட்டு நான் கொண்டுவாறன்" என்றாள் சுகந்தி.

நாளைக்கு என்பது மச்சப் படையல். மச்சம் என்றால் அவர்கள் பேச்சில் மீன், இறைச்சி. ஐயர் வந்து செய்யும் திவசம் சைவமாக முடிந்த பிறகு, செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து ஒரு நாள் வைப்பார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். படைத்ததில் பங்கு அன்றைக்கே எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். விட்டுப்போனால் அப்பா அந்த வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

நான்காம் நாள் காலையிலிருந்து சமையல். நண்டுக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், பொரித்த மீன், கத்தரிக்காய்ப் பால்கறி. தில்லையின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டுப் பரிமாறினாள். கடைசியில் போத்தல் வந்தது. நான் அதை அப்படியே படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உடைக்க வேணும் மாமா" என்றாள். திறப்பதை அவர்கள் உடைப்பது என்பார்கள்.

"சும்மா வைக்கக் கூடாதா?"

"உடையாத போத்தலை வைச்சால் அப்பா எப்பிடிக் குடிப்பார்?"

என் வேலையில், சீல் உடைந்த பாட்டில் என்றால் வழக்கு. இங்கே சீல் உடையாத பாட்டில் செத்தவருக்கு அவமரியாதை. நானே திருகினேன். மூடி கடக்கென்று விட்ட சத்தம், மொட்டை மாடியில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்ட சத்தம். ஒரு சின்னக் கிளாஸ் ஊற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுகந்தி பார்க்காத மாதிரி கற்பூரம் ஏற்றினாள்.

மூன்று மணிக்கு ராஜன் வீட்டுக்குப் புறப்பட்டோம். சாப்பாட்டுக் கேரியரைப் பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் வைத்தாள். போத்தலை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டு, அதை ஒரு பயணப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடி, காரின் பின்பெட்டிக்குள் தள்ளினாள். அதற்குள் என்ன இருந்தது என்று எட்டிப் பார்த்தேன். பனி சுரண்டும் பிரஷ், பனியில் தூவும் உப்பு மூட்டை, நாலு ஜோடி பழைய சப்பாத்து.

எனக்கு மனசு கேட்கவில்லை. படைத்த பொருள், செருப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறதே. சொன்னால் வாதாடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பெட்ரோல் போட நிறுத்தினாள். அவள் பால் வாங்க உள்ளே போனாள். சுவெட்டர் எடுக்கிற சாக்கில் பின்பெட்டியைத் திறந்தேன். போத்தலை எடுத்து வந்து மடியில் வைத்து, மேலே சால்வையைப் போர்த்தினேன். சட்டம் என் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது, ஆனால் நம் ஊர்ச் சட்டம். பாட்டில் யார் கையில் இருக்கிறதோ அவன் மேல்தான் வழக்கு. நானே எத்தனை பேர் மேல் போட்டிருக்கிறேன். மடியில் இருந்தால் பொறுப்பு என்னுடையது, பெண்ணுக்கு ஒன்றும் வராது என்று துறை வழக்கப்படியே கணக்குப் போட்டுத் திருப்தியாக உட்கார்ந்தேன். தில்லையைப் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் போவது போல இருந்தது.

நெடுஞ்சாலைக்கு ஏறுகிற வளைவில் போலீஸ் நின்றது. நீண்ட வார இறுதி விடுமுறை என்பதால் எல்லாக் காரையும் நிறுத்திப் பார்த்தார்கள். எனக்குப் பழகின காட்சி, ஆனால் எப்போதும் நான் வெளியே நிற்பேன். எங்கள் பக்கம் வந்தவர் இளைஞர், முகத்தில் சிரிப்பு இருந்தது. ஊதச் சொன்னார். சுகந்தி ஊதினாள். கருவியில் பூஜ்யம்.

"காரில் மது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது. பின்பெட்டியில், பைக்குள், மூடி வைத்திருக்கிறேன்" என்றாள் சுகந்தி. கொஞ்சமும் தயங்கவில்லை. பஸ் பயிற்சியில் பதில் சொல்கிறவள் போல நிமிர்ந்து சொன்னாள்.

மடியில் போத்தல் அப்போதுதான் கனக்க ஆரம்பித்தது. அவர் பின்பெட்டியைத் திறந்து பார்த்தால் அவள் பொய் சொன்னதாகிவிடும். திறக்காமல் விட்டால் நாங்கள் தப்பித்தோம். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் நின்று பழகினவனுக்கு இந்தப் பக்கம் இருந்து மறைக்க வரவில்லை. சால்வையை விலக்கிப் போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.

"இங்கே இருக்கிறது. இது என்னுடையது. நான்தான் எடுத்தேன்."

சுகந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கோபம் இல்லை. படியில் ஒரு படி இல்லை என்று தெரியாமல் கால் வைத்தவளின் முகம்.

அதிகாரி சிரிப்பை எடுத்து வைத்துவிட்டார். போத்தல் திறந்திருக்கிறது, ஒரு கிளாஸ் குறைகிறது, யார் குடித்தது என்று கேட்டார். "என் அப்பா" என்றாள் சுகந்தி. "அவர் எங்கே?" "போன வருடம் இறந்துபோனார்." அவர் கேரியரைப் பார்த்தார், என் நெற்றியில் திருநீற்றைப் பார்த்தார். அவளே படையலைப் பற்றி விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். உண்மையில் நன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வருத்தத்தோடுதான், எழுத ஆரம்பித்தார்.

"என் மேல் எழுதுங்கள்" என்றேன்.

"இங்கே சட்டம் ஓட்டுகிறவர் மேல்தான், ஐயா. திறந்த போத்தல் காருக்குள் யார் கைக்கும் எட்டக் கூடாது. சீல் உடையாமல் இருக்கலாம், அல்லது மூடிய பைக்குள் இருக்கலாம். உங்கள் மடியில் இருந்தாலும் பொறுப்பு அவருடையது."

பைக்குள், ஜிப் இழுத்து, பின்பெட்டியில். அவள் செய்த ஒவ்வொன்றும் அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில். சப்பாத்துப் பக்கத்தில் வைத்தது அலட்சியமில்லை. அதை நான் ஒருவனே குலைத்துப்போட்டேன். போத்தலை அவர் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார். சீல் வைக்கவில்லை, சாட்சிக் கையெழுத்து வாங்கவில்லை. அந்த நேரத்திலும் என் மூளை அதைக் குறித்துக்கொண்டது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

விட்பி நோக்கிக் காரை எடுத்தாள். வழியில் பிக்கரிங் என்ற ஊரைத் தாண்டும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "பஸ் கொம்பனியிலை ஒரு ரூல் இருக்கு மாமா. எந்தச் சார்ஜ் வந்தாலும் நாங்களே போய்ச் சொல்ல வேணும். அதுவும் குடி சம்பந்தமெண்டால்..." மிச்சத்தைச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சுத்தான் நான் சொல்லேல்லை. நீங்கள் இதே வேலை செய்தனீங்களெல்லோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ராஜன் வீட்டில் நண்டுக் குழம்பை எல்லோரும் சாப்பிட்டோம். அங்கேயும் தில்லையின் படத்துக்கு முன் ஒரு கண்ணாடி கிளாஸ் காலியாக இருந்தது. ராஜன் அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தான். "அப்பாவுக்கு விளங்கும்" என்றான்.

மறுநாள் எனக்காகப் புட்டு அவித்து, தேத்தண்ணி ஊற்றி, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டாள். அந்த உபசாரம்தான் என்னைக் கொன்றது. சாப்பிட்டு முடித்ததும், "வழக்குப் பார்க்கிறவங்க யாராவது உண்டா?" என்று கேட்டேன்.

ஒரு பிளாசாவின் மாடியில், சேலைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் மேலே, போக்குவரத்து வழக்குகளைப் பார்க்கும் அலுவலகம் இருந்தது. கீழே தட்டில் கொத்துகிற சத்தம் தரை வழியாக வந்துகொண்டே இருந்தது. அங்கே நிலானி என்று ஒரு பெண். கனடாவிலேயே பிறந்தவள், முப்பது வயதுகூட இருக்காது. காகிதத்தைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள், பாதியில் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வெயிட், அன்ரி. பொலிஸ் கேக்கேக்கை நீங்கள் ட்ரங்கிலை இருக்கு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அது அவரின்ரை நோட்ஸிலை இருக்கும். அக்சுவலி தட்ஸ் ஹியூஜ். நீங்கள் சரியாத்தான் பாக் பண்ணினீங்கள். தெரியாமல் வேறை ஒராள் எடுத்திருக்கிறார். கவனமா இருந்தனீங்கள் எண்டு காட்டினால் போதும்." என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்கள் எழுதித் தருவீங்களோ? ஆனா உங்களுக்கு அது கொஞ்சம் எம்பரசிங்."

சுகந்தி வேகமாகச் சொன்னாள். "வேண்டாம். மாமாவைக் கோட்டு வழக்கெண்டு இழுக்கேலாது. அவர் அப்பாவுக்காக வந்தவர். நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளுறன்."

"சும்மா இரும்மா" என்றேன். எங்கள் மாடியில் அவளை அதட்டிய பிறகு இப்போதுதான் அதட்டுகிறேன். "பேப்பர் குடும்மா" என்றேன் நிலானியிடம்.

சோதனைச் சாவடியில் பாட்டில் பிடித்தால் மகஜர் எழுதுவோம். எந்த இடம், என்ன நேரம், எந்த நிலையில், யாரிடமிருந்து, யார் முன்னிலையில். எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு அந்த மேசையில், துறை ஆங்கிலத்தில், என் மேல் ஒரு மகஜர் எழுதினேன். பெட்ரோல் நிலையம், மாலை மூன்றரை, ஓட்டுநர் கடைக்குள் இருந்தார். மூடிய பையின் ஜிப்பைத் திறந்தவன் நான். பொருளை அகற்றியவன் நான். சால்வையால் மறைத்தவன் நான். ஓட்டுநருக்கு அறிவிக்கப்படவில்லை. எதிரியின், அதாவது குற்றம் செய்தவனின், தொழில் என்ற இடத்தில், ஓய்வு பெற்ற ஆயத்தீர்வை அதிகாரி என்று எழுதியபோது கை கொஞ்சம் நின்றது. எழுதி முடித்ததும் மனசு லேசானது. நிலானி படித்துவிட்டு, "அங்கிள், இவ்வளவு கிளியரா ஒருத்தரும் தன்னைப் பிடிச்சுக் குடுக்கிறேல்லை" என்றாள். அவளே சத்தியம் வாங்கி முத்திரை குத்தினாள். எங்கள் காலத்து அரக்கு முத்திரை இல்லை, ரப்பர் ஸ்டாம்ப்தான். இருந்தாலும் பார்க்க நன்றாக இருந்தது.

கீழே இறங்கிக் கொத்துரொட்டி வாங்கிக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். பாதியில் சுகந்தி திடீரென்று, "ஏன் மாமா எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். நேற்றிலிருந்து கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"சப்பாத்துக்குப் பக்கத்துல கிடந்தாரும்மா உங்கப்பா."

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பைத்தியக்கார மனிசன்" என்றாள். "அப்பா இருந்திருந்தால் உங்களை ஒரு வருசம் நக்கலடிச்சிருப்பார். நான் பத்து வருசம் அடிப்பன், பாருங்கோ." அன்றைக்கு அவள் என்னைத் திட்டின திட்டு முழுவதும் எனக்கு இனித்தது.

விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தும் இடத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மஞ்சள் பஸ்கள் வரிசை வரிசையாக நின்றன. பொறுப்பாளர் வெள்ளைத் தாடிக்காரர், கையில் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார். சுகந்தி வழக்குக் காகிதத்தை நீட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் கோப்பையைப் பக்கத்து பஸ்ஸின் பானட் மேல் வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே வந்து சொன்னாய்" என்றார். "அதை எழுதி வைக்கிறேன். பயிற்சியை முடி. ஆனால் வழக்கு முடிகிற வரைக்கும் குழந்தைகளை உன்னிடம் ஏற்ற முடியாது. என்னால் முடியாது, புரிகிறதா?"

அவளுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது, அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அவள் வாய்ப்பு இன்னும் போகவில்லை, ஆனால் என் முட்டாள்தனத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் அவளை விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். வரும்போது இருந்ததைவிடப் போகும்போது பெட்டி எடை கூடியிருந்தது. மாசிக் கருவாடும் மிளகாய்த் தூளும் கட்டித் தந்திருந்தாள்.

திருச்சிக்கு வந்து இரண்டு மாதம் கழித்து வழக்குக்கு முன்னான சந்திப்பு, காணொளியில். அங்கே காலை, இங்கே இரவு எட்டரை. நான் வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை வாரி, ஏழரைக்கே போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக நிலானி, சுகந்தி, அரசுத் தரப்பு வழக்கறிஞர். நடுத்தர வயதுப் பெண்மணி. என் மகஜரை வாசித்து முடித்திருந்தார். வழக்கமாக என்னைப் போன்ற சாட்சிகளிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று நிலானி சொல்லியிருந்தாள். அவர் கேட்டார்.

"நீங்கள் இதே மாதிரி வேலை பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அந்த இடத்தில் நீங்கள் அதிகாரியாக நின்றிருந்தால், விட்டிருப்பீர்களா?"

நிலானியின் முகம் மாறியது. விட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் தில்லையே வந்து கேட்டாலும் நான் விட்டிருக்கமாட்டேன். இத்தனை வருடம் விட்டதில்லை.

"விட்டிருக்கமாட்டேன், அம்மா. எழுதியிருப்பேன். ஆனால் அந்தப் பெண் பேரில் எழுதியிருக்கமாட்டேன். அவள் உங்கள் சட்டத்தை ஜிப் போட்டுப் பின்பெட்டியில் வைத்தாள். உடைத்தது நான்."

அவர் என் மகஜரை மறுபடி புரட்டினார். பிறகு தலையைக் குனிந்து எதையோ எழுதினார். அதிகாரியின் குறிப்பிலும் ஓட்டுநர் பின்பெட்டி என்றுதான் சொல்லியிருக்கிறார் என்றார். வழக்கைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அவ்வளவுதான், எட்டு நிமிடம். சுகந்தியின் கட்டத்தில் முகம் இல்லை, நாற்காலி மட்டும் இருந்தது. எழுந்து அப்பா படத்துக்கு முன்னால் போய்விட்டாள் என்று பிறகு சொன்னாள். என் மனைவி சமையலறையிலிருந்து, "முடிஞ்சுதா, சாப்பிட வாங்க" என்றாள். வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே போய் உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு சுகந்தி கூப்பிட்டாள். பின்னால் காற்றுச் சத்தம்.

"மாமா, முதல் நாள் ரூட் முடிச்சிட்டன். இருபத்தொம்பது பிள்ளையள். ஒண்டு அழுதது, ஒண்டு பாட்டுப் பாடினது. எல்லாரையும் இறக்கியாச்சு."

"சந்தோஷம்மா. இப்ப எங்க இருக்கே?"

"யார்டிலை, பஸ்ஸுக்குள்ளை. இறங்க முதல் கடைசி சீற் வரைக்கும் நடந்து போய், ஆரும் நித்திரையாக் கிடக்கினமோ எண்டு பாக்க வேணும். இது பெரிய ரூல்." காலடிச் சத்தம் கேட்டது, ஒவ்வொரு சீட்டாக நடக்கிறாள் போல. "அவை இதைச் சொல்லித் தந்த நேரம் நான் சிரிச்சிட்டன் மாமா. ஏன் தெரியுமோ? அதுக்கு முதலே நான் என்ரை காரிலையும் பின் சீற்றைப் பாத்திட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணத் தொடங்கிட்டன். சால்வை கிடந்தால் தூக்கியும் பாக்கிறன்."